கேட்டில் கட்டியிருந்த சிவப்புத் துணி

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று. காலை ஏழு மணிக்குத் தொடங்கி எட்டரைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இடம், சிவகாசியிலிருந்து வெம்பக்கோட்டை போகும் சாலையை விட்டு இறங்கி, மண் பாதையில் ஒன்றரை கிலோமீட்டர் போனால் வரும் ஒரு தரிசு நிலம். மழை பெய்யும் ஆண்டில் அங்கே சோளம் விதைப்பார்கள். மற்ற ஆண்டுகளில் அது எங்களுடையது.

எங்களுடையது என்றால், ரிமோட்டில் இயங்கும் மாதிரி விமானங்களைப் பறக்கவிடும் பன்னிரண்டு பேருடையது. சங்கத்துக்குச் செயலாளர் உண்டு. திருத்தங்கலில் அச்சகம் வைத்திருப்பவர், பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடிப்பவர். அவரை எல்லோரும் அண்ணாச்சி என்றே கூப்பிடுவோம். பாலிடெக்னிக் ஆசிரியர் ஒருவர், பல் மருத்துவர் ஒருவர், தீப்பெட்டி கம்பெனி மேலாளர் ஒருவர் என்று போகும் பட்டியலில் நான் கடைசியாகச் சேர்ந்தவன். வீடு விருதுநகரில், சூலக்கரைப் பக்கம். வேலை ஒரு செய்தித்தாளில், துணை ஆசிரியர். எல்லோருமே நாற்பதைத் தாண்டியவர்கள். எங்கள் வீடுகளில் இந்தப் பொழுதுபோக்குக்கு என்ன பெயர் என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை.

எங்கள் இடத்துக்குக் கிழக்கே, அரை கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, கருவேல மரங்களுக்கு அப்பால் ஒரு பட்டாசு ஆலை இருக்கிறது. ஞாயிறு விடுமுறை என்பதால்தான் ஞாயிறு தோறும் நாங்கள் பறக்கவிட்டோம். ஆனால் தீபாவளிக்கு முந்தைய சீசனில் ஆர்டர் குவியும்போது, சில ஞாயிறுகளிலும் வேலை நடக்கும். வேலை நடக்கும் எந்த நாளிலும், எங்கள் பக்கம் பார்த்த இரும்புக் கேட்டின் கம்பத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டுவார்கள். துணி தெரிந்தால் நாங்கள் பெட்டியைத் திறக்காமல் திரும்பிவிட வேண்டும். இது எழுத்தில் இல்லாத ஒப்பந்தம். அண்ணாச்சியும் அந்த ஆலையின் போர்மேனும் கேட்டில் நின்று பேசி முடிவு செய்தது. போர்மேன் என்று சொன்னாலும் அந்தப் பொறுப்பில் இருப்பவர் ஒரு பெண். வேலையாட்களை மேற்பார்வை பார்ப்பவர். வயது முப்பத்தைந்துக்குள் இருக்கும்.

சங்கத்துக்குள்ளும் சில விதிகள் உண்டு. தனியாக வந்து பறக்கவிடக் கூடாது. பறக்கவிடுபவர் பக்கத்தில் இன்னொருவர் நின்று வானத்தையும் சுற்றுப்புறத்தையும் பார்த்துச் சொல்ல வேண்டும். பேட்டரியை மாட்டுவதற்கு முன் ‘மாட்டுறேன்’ என்று உரக்கச் சொல்ல வேண்டும். அன்றைய முதல் பறத்தலுக்கு முன், ஒருவர் விமானத்தைப் பிடித்துக்கொண்டு முப்பது தப்படி நடக்க, மற்றவர் ரிமோட்டின் சக்தியைக் குறைத்து இயக்கிச் சிக்னல் சரியாகப் போகிறதா என்று பார்க்க வேண்டும். சிக்னல் அறுந்தால் மோட்டார் தானாக நின்றுவிடும்படி விமானத்தில் ஒரு அமைப்பு உண்டு. அதைப் புதிய விமானத்தில் நாம்தான் செய்து வைக்க வேண்டும். செய்து, சோதித்தும் காட்ட வேண்டும்.

இவற்றையெல்லாம் நான் எதிர்க்கவில்லை. பாலிடெக்னிக் ஆசிரியருக்கு வகுப்பு எடுக்கும் பழக்கம் விடவில்லை என்று மட்டும் நினைத்துக்கொள்வேன்.

அந்த ஞாயிற்றுக்கு முந்தைய ஞாயிறு எனக்கு நல்லபடியாக இல்லை. நான்கு மாதம் உட்கார்ந்து நானே வெட்டி ஒட்டிச் செய்த விமானம் அது. மஞ்சள் இறக்கை, சிவப்பு வால். எல்லோரும் சுற்றி நிற்க, கையிலிருந்து விட்டேன். எட்டு அடி போய்க் கரிசல் மண்ணில் மூக்கைக் குத்திக்கொண்டது. பல் மருத்துவர் குனிந்து பள்ளத்தைப் பார்த்துவிட்டு, “சார், இன்னும் ரெண்டு தடவ விட்டீகன்னா இங்கன தண்ணி வந்துரும்” என்றார். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அந்த வாரம் முழுவதும் மூக்கை ஒட்டிச் சரிசெய்தேன். உள்ளே இருந்த கம்பிகளைக் கழற்றி வேறு மாதிரி அடுக்கினேன். அடுத்த ஞாயிறு மற்றவர்கள் எட்டு மணிக்கு வருவதற்குள், யாரும் பார்க்காமல் ஒருமுறை பறக்கவிட்டுப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

ஐந்தே முக்காலுக்குக் கிளம்பி, ஏழு மணிக்குச் சில நிமிடங்கள் இருக்கும்போதே அங்கே இருந்தேன். பைக்கை நிறுத்திவிட்டுக் கிழக்கே பார்த்தேன். கருவேல மரங்களின் இடைவெளியில், கேட்டுக் கம்பத்தில் சிவப்புத் துணி தெரிந்தது.

இதை நான் தெளிவாக எழுத வேண்டும். துணியைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல வழியில்லை. ஆனால் ஆட்களை ஏற்றிவரும் வேன் கேட்டுக்கு வெளியே இல்லை. சத்தம் எதுவும் இல்லை. சனிக்கிழமை கட்டியதை அவிழ்க்க மறந்திருப்பார்கள் என்று நானே முடிவு செய்தேன். எங்கள் ஊர்ப் பக்கம் சிவப்புத் துணி எங்கும் பறக்கும். வெடிமருந்து ஏற்றிப் போகும் வண்டியில், ஆலைச் சுவரில், அறைகளின் வாசலில். தினமும் பார்த்துப் பார்த்து, அது இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும், மனதுக்கு எட்டாது. அண்ணாச்சிக்கு ஒரு போன் போட்டிருந்தால் விசாரித்துச் சொல்லியிருப்பார். போட்டால், தனியாக வந்திருப்பதும் தெரிந்துவிடும். போடவில்லை.

பேட்டரியை மாட்டினேன். ‘மாட்டுறேன்’ என்று யாரிடம் சொல்வது? முப்பது தப்படி சோதனைக்கு இரண்டு ஆள் வேண்டும். கம்பிகளை மாற்றி அடுக்கியபின் சிக்னல் அறுந்தால் மோட்டாரை நிறுத்தும் அந்த அமைப்பை மறுபடி செய்ய வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது. வீட்டுக்குப் போய்ச் செய்துகொள்ளலாம், இப்போது இரண்டு நிமிடம்தானே என்று தோன்றியது.

கையிலிருந்து விட்டேன். இந்த முறை ஏறியது.

அந்த இரண்டு சுற்றுகளையும் நான் இன்றுவரை மறக்கவில்லை. தாழ்ந்திருந்த காலை வெயில் இறக்கையின் அடியில் பட்டு, மஞ்சள் பளிச்சென்று தெரிந்தது. திருப்பினால் திரும்பியது. ஒரு முழு வட்டம், இன்னொரு முழு வட்டம். மேற்கிலிருந்து காற்று அப்போதுதான் கிளம்பியிருந்தது. மூன்றாவது வட்டத்தில் விமானம் காற்றோடு கிழக்கே போனது. திருப்பினேன். திரும்பவில்லை. மறுபடி திருப்பினேன். இறக்கை ஒருமுறை நடுங்கியது, அவ்வளவுதான். மோட்டார் வேகத்துக்கான விசையைக் கீழே இழுத்தேன். மோட்டார் சத்தம் குறையவில்லை. ரிமோட் சொல்வது விமானத்துக்குக் கேட்கவில்லை என்று புரிந்தது. சிக்னல் அறுந்தது, மோட்டார் நிற்கவில்லை. காற்றும் மோட்டாரும் சேர்ந்து அதை நேர்கோட்டில் கொண்டுபோயின. கருவேல மரங்களுக்கு மேலே ஒரு மஞ்சள் புள்ளி, கொஞ்சம் சாய்ந்தது, இறங்கியது, மறைந்தது.

சத்தம் எதுவும் வரவில்லை. நான் சத்தத்துக்காகத்தான் நின்றேன் என்பது பிறகுதான் எனக்கே தெரிந்தது.

ரிமோட் கழுத்தில் தொங்க ஓடினேன். கருவேல முள் சட்டையைக் கிழித்தது. மரங்களைத் தாண்டியதும் ஆலையின் கம்பி வேலி வழியாக உள்ளே தெரிந்தது. வெயிலில் நீளமான சிமெண்டு மேடைகள். மேடைகள்மேல் தட்டுகள். மேடைக்கு அந்தப் பக்கம், பின்வாசலை நோக்கிப் பெண்கள் வரிசையாக வேகமாக நடந்துகொண்டிருந்தார்கள். யாரும் ஓடவில்லை. யாரும் கத்தவில்லை. வேன் அவர்களை இறக்கிவிட்டு அடுத்த லோடு ஆட்களை ஏற்றப் போயிருந்தது. அதைத்தான் நான் ‘வேன் இல்லை’ என்று கணக்குப் போட்டிருந்தேன்.

தட்டுகளில் இருந்தது மணி மருந்து. வானத்தில் போய் வெடித்து நிறம் நிறமாகக் கொட்டும் பட்டாசுகளுக்குள் வைப்பது. மருந்தைக் கலந்து சிறு மணிகளாக உருட்டிக் காலை வெயிலில் காயவைப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் எடுத்துவிடுவார்கள். லேசாக உரசினால் போதும், தீ பிடித்துவிடும். இதை நான் ஆலைக்குள் போய்க் கற்றுக்கொள்ளவில்லை. இருபது ஆண்டுகளாக மேசையில் உட்கார்ந்து திருத்திய விபத்துச் செய்திகளிலிருந்து தெரியும். ‘உராய்வு ஏற்பட்டு’ என்ற சொல் எத்தனையோ முறை என் கையைத் தாண்டி அச்சுக்குப் போயிருக்கிறது.

கேட் பாதி திறந்திருந்தது. நான் உள்ளே காலை வைக்கப் போனேன்.

“சார், அங்கனயே நில்லுங்க.”

போர்மேன் உள்ளே பத்தடி தூரத்தில் நின்றிருந்தார். பருத்திச் சேலை, மேலே சட்டை, வெறுங்கால். குரல் உயரவில்லை. கையை மட்டும் நீட்டி என்னைத் தடுத்தார்.

“சட்டையில செல்லு இருக்கா?”

இருந்தது. வாட்ச்மேன் கையில் கொடுத்தேன். அவர் அதை அணைத்துச் சாலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனார்.

“கழுத்துல என்னது?”

“ரிமோட்.”

“அமத்திட்டு அதையும் குடுங்க.”

“இதை இப்ப அணைக்கக் கூடாது. அணைச்சா மோட்டார் சுத்துனாலும் சுத்தும். விசையைக் கீழ இழுத்துப் பிடிச்சிருக்கேன். இவ்வளவு பக்கத்துல வந்துட்டதால இப்ப அதுக்குச் சிக்னல் கிடைக்குது.”

ரிமோட்டைக் கடைசியில்தான் அணைக்க வேண்டும் என்பதும் சங்கத்து விதிதான். அது ஒன்றுதான் அன்று எனக்கு மிஞ்சியிருந்தது.

அவர் ஒரு நொடி யோசித்தார். “அப்ப அதோட வெளியில நில்லுங்க. கேட்டத் தாண்டக் கூடாது. அதுக்குள்ள என்ன இருக்கு, பெட்ரோலா பேட்டரியா?”

“பேட்டரி.”

“தீப்பிடிக்குமா?”

அந்த இடத்தில் நான் உடனே பதில் சொல்லவில்லை. எவ்வளவு நேரம் தாமதித்தேன் என்று தெரியாது. மூன்று நொடி இருக்கலாம். இத்தகைய லித்தியம் பேட்டரி விழுந்து நசுங்கினால், பார்க்க ஒன்றுமில்லாதது போல இருக்கும். உள்ளே சூடேறிக்கொண்டே போய், சில நிமிடம் கழித்தோ அரை மணி கழித்தோ திடீரென்று எரியும். எல்லா பேட்டரியும் அப்படி ஆவதில்லை. பெரும்பாலும் ஆவதில்லை என்றுகூடச் சொல்லலாம். ‘பிடிக்காது’ என்ற சொல் என் வாய்க்குள் தயாராக இருந்தது. அதைச் சொன்னால் விளையாட்டுச் சாமான் ஒன்று வேலி தாண்டி விழுந்தது என்ற அளவில் விஷயம் முடியும். நானே உள்ளே போய் எடுத்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்துவிடலாம்.

“பிடிக்கலாம்” என்றேன். “இப்ப பிடிக்காட்டாலும் கொஞ்ச நேரம் கழிச்சுப் பிடிக்கலாம்.”

“எம்புட்டு நேரம்?”

“தெரியாது. பத்து நிமிஷம். அரை மணி நேரம்கூட ஆகலாம்.”

அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை. திரும்பி மேடையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கேட்டிலிருந்து அறுபது எழுபது அடி இருக்கும். விமானம் மேடையின் ஓரத்தில், சிமெண்டில் மூக்கு மோதிக் கிடந்தது. ஒரு இறக்கை காற்றில். இன்னொரு இறக்கை, ஒரு தட்டின் விளிம்புமேல் படிந்திருந்தது. தட்டு நிறையப் பச்சை மணிகள்.

“நான் போய் எடுக்கிறேன்” என்றேன்.

“ஒங்களுக்கு அங்கன எங்க கால் வைக்கணும்னு தெரியாது, சார்.”

திட்டுவது போலச் சொல்லவில்லை. வழி சொல்வது போலத்தான் சொன்னார். தீயணைப்பு வண்டிக்குச் சொல்லும்படி வாட்ச்மேனை அனுப்பினார். “அது டவுன்ல இருந்து வரணும்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு என்னிடம் திரும்பி, “எதத் தொடலாம், எதத் தொடக் கூடாது? சுருக்கா சொல்லுங்க” என்றார்.

சொன்னேன். முன்னால் இருக்கும் விசிறியின் பக்கம் கை போகக் கூடாது. கம்பி எதையும் பிடுங்கக் கூடாது, பொறி பறக்கலாம். இறக்கையை இழுக்கக் கூடாது. இரண்டு இறக்கைக்கும் அடியில் கை கொடுத்து, நேராக மேலே தூக்க வேண்டும்.

“தட்டத் தூக்குற மாதிரி” என்றார்.

“ஆமா.”

கேட்டுக்குப் பக்கத்தில் தரையில் பதித்த ஒரு செப்புத் தகடு இருக்கிறது. உடம்பில் இருக்கும் மின்சாரம் மண்ணுக்குள் இறங்குவதற்காக, வேலைக்குப் போகிறவர்கள் ஒவ்வொரு முறையும் அதைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அவர் குனிந்து இரண்டு உள்ளங்கைகளையும் அதில் வைத்தார். அவசரப்படவில்லை. தண்ணீர்த் தொட்டியில் கிடந்த சாக்கை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

நான் விசையைக் கீழே இழுத்தபடியே நின்றேன். கட்டைவிரல் மரத்துப்போனது. விரலைப் பார்ப்பதா, அவரைப் பார்ப்பதா என்று தெரியவில்லை. மேடைக்கு முன்னால் நின்று, முதலில் இறக்கைக்கு அடியில் குனிந்து பார்த்தார். கை கொடுத்தார். தூக்கவில்லை. மறுபடி எடுத்து, வேறு இடத்தில் கொடுத்தார். பிறகு, மேலே. ஒரு சாண் மேலே போனபின்தான் பின்னுக்கு ஓரடி வைத்தார். தட்டிலிருந்து இரண்டு மூன்று மணிகள் மேடையில் உருண்டன. அவர் அப்படியே நின்றார். அவை நிற்கும்வரை நின்றார். பிறகு விமானத்தை நெஞ்சுக்கு எட்டத்தில் ஏந்தியபடி, வேலிக்குத் தென்மூலையில் தீயணைப்புக்காகக் கொட்டி வைத்திருந்த மணல் மேட்டை நோக்கி நடந்தார். அது எல்லா அறைகளுக்கும் எட்டத்தில் இருந்தது. நான் வேலிக்கு வெளியே அவருக்கு இணையாக நடந்தேன்.

மணலில் விமானத்தை வைத்தார். அங்கே வேலியில் இன்னொரு வாசல் உண்டு, அதைத் திறந்துவிட்டு, “இங்கன வரலாம். வந்து நீங்களே கழத்துங்க” என்றார். போனேன். கம்பியைக் கழற்றிவிட்டு ரிமோட்டை அணைத்தேன். பேட்டரியின் ஒரு மூலை நசுங்கி, உறை லேசாக உப்பியிருந்தது. விமானத்துக்குள் சிக்னலை வாங்கும் ரிசீவரின் ஆன்டெனா கம்பி பேட்டரிக்கு அடியில் மாட்டி அறுந்திருந்தது. நான் புதிதாக அடுக்கிய அடுக்கு அது. முப்பது தப்படி நடந்து பார்த்திருந்தால் பத்தாவது தப்படியிலேயே தெரிந்திருக்கும்.

பேட்டரியைப் போர்மேன் மணலுக்குள் குழிதோண்டி வைத்து, மேலே மணல் தள்ளினார். இருவரும் தள்ளிவந்து சாலையோரம் நின்றோம். அங்கே பின்வாசல் வழியாக வெளியேறிய பெண்கள் வேப்பமர நிழலில் நின்றிருந்தார்கள். போர்மேன் விரல் விட்டு எண்ணினார். நானும் எண்ணினேன். அவரோடு சேர்த்துப் பத்தொன்பது பேர்.

பன்னிரண்டு நிமிடம் ஒன்றும் இல்லை. பதின்மூன்றாவது நிமிடத்தில் மணல் மேட்டிலிருந்து வெள்ளைப் புகை சீறிக்கொண்டு வந்தது. பிறகு ஆரஞ்சு நிறத்தில் ஒரு நாக்கு, மணலைக் கிழித்து முழ உயரத்துக்கு எழுந்து அடங்கியது. தீயணைப்பு வண்டி அதற்குப் பிறகுதான் வந்தது; அணைக்க எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

 அந்தக் கூட்டத்தில் மூத்தவராகத் தெரிந்த ஒரு அம்மா என்னைப் பார்த்து, “ஏம்ப்பா, வெடிக்கிறதப் பாக்கணும்னு அம்புட்டு ஆசையா இருந்தா தீவாளிக்கு வாங்களேன். நாங்களே குடுத்து விடுவோம்” என்றார்.

பக்கத்தில் இருந்தவர், “பொம்மப் பிளேனுக்கா இம்புட்டு நடை நடந்தோம்? நெசப் பிளேன்னா பேராவது பேப்பர்ல வந்திருக்கும்” என்றார்.

“வந்திருக்கும்டி, வந்திருக்கும். படத்தோட” என்றார் அந்த அம்மா.

சிலர் சிரித்தார்கள். என் வேலை என்ன என்பது அவர்களுக்குத் தெரியாது. படத்தோடு வரும் பெயர்களுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் வயது போடுவது எங்கள் வழக்கம். அந்தப் பத்தொன்பது முகங்களையும் பார்த்தபோது, ஒவ்வொருவரின் வயதையும் என் மனம் தன்னாலே கணிக்கத் தொடங்கியது. தலையைக் குனிந்துகொண்டேன்.

போர்மேனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் தோளில் இருந்த ஈரச் சாக்கை வேலியில் போட்டுக்கொண்டே, “மன்னிப்பு இருக்கட்டும் சார். அந்தத் துணியப் பாத்தீகளா, பாக்கலியா?” என்று கேட்டார்.

“பாத்தேன்.”



“பாக்கலன்னு சொல்லுவீகன்னு நெனச்சேன். பாக்கலன்னா இன்னும் பெருசா ஒண்ணு வாங்கிக் கட்டலாம். பாத்துட்டும் விட்டீகன்னா நான் எதக் கட்டுறது?”

 

எட்டு மணிக்கு வந்த சங்கத்துக்காரர்கள், என் பைக் மட்டும் நிற்பதைப் பார்த்துவிட்டு, தேடிக்கொண்டு நடந்தே வந்து சேர்ந்தார்கள். நடந்ததை நானே சொன்னேன். யாரும் என்னைத் திட்டவில்லை.  அண்ணாச்சி செருப்பைக் கழற்றிவிட்டுக் கேட்டுக்கு வெளியே நின்று போர்மேனைக் கும்பிட்டார். “தாயி, தீவாளி முடியுற வரைக்கும் இந்தப் பக்கம் ஒரு பிளேனும் ஏறாது. அதுக்கப்புறமும் ஏறணுமா வேண்டாமான்னு நீங்கதான் சொல்லணும்” என்றார்.

ஆலை முதலாளிக்குப் போர்மேன் அன்றே எல்லாவற்றையும் சொன்னார். எதையும் குறைக்கவில்லை, கூட்டவும் இல்லை. போலீசில் எழுதிக் கொடுத்து, அந்தச் சங்கத்தையே அந்த இடத்திலிருந்து கிளப்பிவிட வேண்டும் என்று முதலாளி சொன்னாராம். அது நியாயம்தான். போர்மேன் அதற்கு என்ன பதில் சொன்னார் என்பது அண்ணாச்சி மூலம் எனக்குத் தெரியவந்தது. “தீப்பிடிக்குமான்னு கேட்டதுக்கு அந்த சார் பிடிக்கும்னு சொன்னாரு. பிடிக்காதுன்னு சொல்லியிருந்தா, நான் அதத் தூக்கிட்டுப் போயி பேக்கிங் ரூமுக்குப் பக்கத்துல ஆபீசு மேசையில வச்சிருப்பேன். அதயும் சேத்து எழுதுங்க” என்றாராம். முதலாளி போலீசுக்குப் போகவில்லை.

மேசைமேல் வைத்த அந்தப் பேட்டரியைப் பல இரவுகள் நினைத்திருக்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் அடுக்கி வைத்த பெட்டிகள். பதின்மூன்றாவது நிமிடம். நான் தாமதித்த மூன்று நொடிகள் அதற்குள் போய்த்தான் முடிகின்றன. என்னுடைய உண்மைக்கு அவர் பெருமை கொடுத்தார். ஆனால் அது எவ்வளவு நெருக்கத்தில் பொய்யாகப் போகவிருந்தது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அவருக்கு இதுவரை சொன்னதில்லை. இங்கேதான் முதல்முறையாக எழுதுகிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விமானம் இல்லாமல் அங்கே போனேன். துணி கட்டியிருந்தது. செல்லையும் பைக் சாவியையும் வண்டியிலேயே வைத்துவிட்டு, கேட்டுக்கு நடந்துபோய் வெளியே நின்றேன். வாட்ச்மேன் போர்மேனைக் கூப்பிட்டார்.

“பிளேன் இல்லாமலா வந்தீக?”

“இல்லாமத்தான். துணி இன்னைக்குக் கட்டுனதான்னு கேக்க வந்தேன்.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு முதல்முறையாகச் சிரித்தார். “இன்னைக்குக் கட்டுனதுதான். காலம்பற நானே கட்டுனேன்” என்றார். திரும்பிப் போகப் போனவர் நின்று, “இப்பிடியே செய்யுங்க சார். தீவாளி கழிச்சு விடும்போதும் துணி கெடக்கா கெடக்கலியான்னு தூரத்துல நின்னு பாக்காதீக. ஒரு ஆள் நேர்ல வந்து கேட்டுட்டுப் போங்க. போன்லயும் வேண்டாம்” என்றார்.

அந்த ஒரு ஆள் நான்தான். சங்கத்தில் யாரும் என்னை நியமிக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். பறக்கவிடுவதற்கு முன் நான் நடந்துபோய்க் கேட்டுவிட்டு வரும்வரை யாரும் பெட்டியைத் திறப்பதில்லை. ஆலை பூட்டிக் கிடக்கும் ஞாயிறுகளிலும் போகிறேன். வாட்ச்மேன் மட்டும் இருப்பார். “யாரும் இல்ல சார், விடுங்க” என்பார். அண்ணாச்சி ஒருமுறை, “அதான் பூட்டு தொங்குதுல்ல, அதுக்கும் ஒரு நடையா?” என்று கேட்டார். வேன் இல்லாததைப் பார்த்து நான் போட்ட கணக்கை அவருக்கு நினைவுபடுத்தினேன். அதன்பிறகு அவர் கேட்கவில்லை. சில நாள் கூடவே நடந்து வருகிறார்.

மஞ்சள் இறக்கை விமானத்தை மறுபடி ஒட்டவில்லை. இப்போது வேறொன்று வைத்திருக்கிறேன். ரிமோட்டை ஒருவர் பிடிக்க, முப்பது தப்படி நடக்கிறேன். எண்ணிக்கை தப்பினால் திரும்பவும் முதலிலிருந்து நடக்கிறேன். பாலிடெக்னிக் ஆசிரியர் சிரிக்கிறார். ‘மாட்டுறேன்’ என்று நான் சொல்லும் குரல் ஆலைக் கேட் வரைக்கும் கேட்கிறது என்று பல் மருத்துவர் கேலி செய்கிறார்.

எங்கள் ஆபீசில் சீசன் நாட்களில் அந்த மாதிரிச் செய்தி ஏதாவது வரத்தான் செய்கிறது. பெயர்களையும் வயதையும் சரிபார்க்கும் வேலை என்னிடம் வருகிறது. நடக்காத விபத்துக்குச் செய்தித்தாளில் இடம் கிடையாது. அந்த ஞாயிறு முடிந்து திங்கட்கிழமை காலையில், பத்தொன்பது பெண்கள் அதே வேனில் ஏறி, அதே கேட்டில் இறங்கி, செப்புத் தகட்டைத் தொட்டுவிட்டு வேலைக்குப் போனார்கள் என்பதை யாரும் எழுதவில்லை. அதை எழுதிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதினேன்; பெயர் போடாமல், வயது போடாமல்.